சிறு காரும் பெரும் பிரேக்கும்

மோட்டார் வண்டியை விரைந்து ஓட்டும் வழிகளை நாடுவோர் பலர். அதனை நிறுத்தும் வழியை நுணுகி ஆராய்வோர் சிலரே. அச்சிலருள்ளும் பலர், பிரேக் எத்துணைப் பெரிதோ அத்துணை விரைவில் வண்டி நிற்கும் என்று கருதிவிடுகின்றனர். பௌதிக நூல் பயிலும் மாணாக்கர்க்கு இக்கருத்து முற்றும் சரியன்று என்பது சிறிது சிந்தித்த அளவிலே புலனாகும். எனினும், கடைகளில் விற்கும் சிவந்த வண்ணம் பூசிய பெரிய காலிப்பர்களும் துளையிட்ட டிஸ்க்குகளும் கண்ணைக் கவரும்போது, வகுப்பில் கற்ற பாடம் நினைவுக்கு வருவது அரிது. ஆதலின் இவ்விஷயத்தை ஓர் உதாரணங் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் இங்கிலாந்தில் 1959-ஆம் ஆண்டில் வெளிவந்த மினி என்னும் சிறு கார். அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறியறிஞர் வகுத்த இவ்வண்டி பத்தடி நீளமே உடையது. இதன் சக்கர வளையம் 10 அங்குல விட்டமுடையது. 848 கன சென்டிமீட்டர் எஞ்சின், 34 குதிரைத் திறன், நான்கு சக்கரங்களிலும் 7 அங்குல டிரம் பிரேக்: இவையே இதன் முதல் அமைப்பு. 1961-இல் வெளிவந்த கூப்பர் என்னும் வகைக்கு 55 குதிரைத் திறன் கொடுக்கப்பட்டபோது, முன் சக்கரங்களில் டிரம் நீக்கப்பெற்று 7 அங்குல டிஸ்க் இடம்பெற்றது. 1963-இல் 70 குதிரைத் திறனுடன் வந்த கூப்பர் எஸ் வகைக்கு 7½ அங்குல டிஸ்க்கும், மிதிக்கும் காலுக்குத் துணை செய்யும் செர்வோக் கருவியும் அமைந்தன. 1984-இல் எல்லா மினி வண்டிகளுக்கும் 12 அங்குலச் சக்கரமும் 8.4 அங்குல டிஸ்க்கும் வழங்கப்பட்டன. 2000-ஆம் ஆண்டில் இதன் உற்பத்தி நின்றது. ஆயினும் இன்றும் பல்லாயிரவர் இதனைப் பேணி ஓட்டி வருகின்றனர். பழைய வண்டியில் புதிய பெரிய பிரேக்கைப் பூட்டும் ஆவலும் அவர்களிடையே ஓயவில்லை.

பிரேக்கின் தொழில் யாது? ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுவதே. பயணிகளோடு 800 கிலோகிராம் நிறையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லின் அதன் ஆற்றல் ஏறத்தாழ 3,09,000 ஜூல். வேகம் பாதியாயின் ஆற்றல் நான்கில் ஒன்றாகி 77,000 ஜூலாகக் குறையும். நிறுத்துகையில் இவ்வாற்றலில் ஐந்தில் நான்கு பங்கை முன் பிரேக்குகள் ஏற்கின்றன எனவும், முன் டிஸ்க்குகள் இரண்டும் சேர்ந்து 6 கிலோகிராம் எனவும் கொள்வோம். வார்ப்பிரும்பு ஒரு கிலோகிராமை ஒரு டிகிரி சூடேற்றச் சுமார் 460 ஜூல் வேண்டும். கணக்கிட்டால், ஒரு முறை நிறுத்துவதில் டிஸ்க்கின் வெப்பநிலை 90 டிகிரி அளவே உயரும். இஃது அஞ்சத்தக்கதன்று.

மலைப்பாதையில் இறங்கும்போதோ நிலைமை வேறு. மான்டி கார்லோ ராலிப் பந்தயத்தில் புகழ்பெற்ற டூரினிக் கணவாய் கடல் மட்டத்திற்கு 1,607 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து நம் கார் 1,000 மீட்டர் கீழிறங்குமாயின், புவியீர்ப்பினால் அது பெறும் ஆற்றல் ஏறக்குறைய 78 லட்சம் ஜூல். அதாவது 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இருபத்தைந்து முறை நிறுத்துவதற்கு ஒப்பு. எஞ்சினும் காற்றும் ஒரு பகுதியைத் தாங்கும். எஞ்சியதெல்லாம் பிரேக்கின் தலையில் விழும். 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் கூப்பர் எஸ் அப்பந்தயத்தை வென்றது என்பதை நினைவிற் கொள்வோமாயின், டிரம்மை விடுத்து டிஸ்க்கை நாடியதன் காரணம் விளங்கும்.

டிரம் பிரேக்கில் ஒரு சூழ்ச்சி உண்டு. சுழலும் டிரம், ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுகச் செய்யும். ஆதலின் சிறிது மிதித்தாலும் மிக்க பயன் கிடைக்கும். ஆனால் இவ்வுதவி உராய்வுக் கெழுவைச் சார்ந்தது. லைனிங் சூடேறி உராய்வு சிறிது குறைந்தால், பிரேக்கின் வலிமை பெரிதும் குறையும். அதனோடு, வெப்பத்தினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு அகல்வதால் பெடலும் தாழ்ந்து போகும். டிஸ்க்கிற்கு இவ்விரு குறையும் இல்லை. அது வெளியில் இருந்து காற்றை ஏற்கின்றது. விரிந்தால் பேடை நோக்கியே விரிகின்றது. தனக்குத் தானே உதவும் இயல்பு அதற்கில்லாமையால் மிதிக்கும் வலிமை மட்டும் கூடுதலாக வேண்டும். கூப்பர் எஸ் வகையில் செர்வோ அமைந்தது இதன் பொருட்டே. டிஸ்க்கின் கருத்தை 1902-இலேயே லான்செஸ்டர் என்பார் காப்புரிமை செய்திருந்தும், 1953-இல் லி மான்ஸ் பந்தயத்தில் ஜாகுவார் வென்ற பின்னரே உலகம் அதனைப் பெரிதும் மதிக்கத் தொடங்கிற்று.

இனி நம் முக்கியமான வினாவுக்கு வருவோம். பெரிய பிரேக் பூட்டினால் வண்டி குறைந்த தூரத்தில் நிற்குமா? வண்டியை இறுதியில் நிறுத்துவது பிரேக்கன்று. சாலையைப் பற்றி நிற்கும் டயரே. உலர்ந்த சாலையில் டயரின் உராய்வுக் கெழு 0.8 எனின், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க 49 மீட்டர் வேண்டும். பழைய பிரேக்கே சக்கரத்தைப் பூட்டிவிடும் வலிமையுடையதாயின், அதனிலும் பெரிய பிரேக் அந்த 49 மீட்டரில் ஓரடியையும் குறைக்காது. அது தரும் நன்மை, பத்தாவது முறை மிதிக்கும்போதும் முதல் முறை போலவே செயற்படுவதாகும். அந்நன்மை பந்தயத்தில் ஓடுவார்க்கும், திறன் மிகுந்த எஞ்சினைப் பொருத்தியவர்க்கும், மலைவழி செல்வார்க்கும் உரியது. கடைவீதிக்குச் சென்று மீளும் வண்டிக்கு அஃது அணிகலன் மாத்திரமே.

அணிகலன் தீங்கு செய்யாதாயின் நாம் குறை கூற வேண்டுவதில்லை. ஆனால் இங்குத் தீங்கும் உண்டு. அதனை எண்ணால் காட்டுவோம். பழைய காலிப்பரில் பக்கத்திற்கு 54 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பிஸ்டன் எனக் கொள்க. அதன் பரப்பு 22.9 சதுர சென்டிமீட்டர். புதியதில் பக்கத்திற்கு 41 மில்லிமீட்டர் பிஸ்டன்கள் இரண்டு, பரப்பு 26.4. இஃது 15 விழுக்காடு மிகுதி. பேடு அழுத்தும் ஆரம் 80 மில்லிமீட்டரிலிருந்து 90 ஆயின், அதனால் 12½ விழுக்காடு மிகுதி. இரண்டையும் பெருக்கினால் முன் பிரேக்கின் திருப்புவிசை ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்கின்றது. பின் பிரேக் பழையபடியே இருக்கின்றது.

முன்பு மொத்தத் தடையில் 78 பங்கு முன்னும் 22 பங்கு பின்னும் இருந்தன எனின், இப்போது முன் பங்கு 82 ஆகிவிட்டது. நிற்கும் வண்டியின் பாரத்தில் 61 விழுக்காடு முன் சக்கரங்களின் மேல் எனவும், பாரமையத்தின் உயரம் அரை மீட்டர் எனவும் கொண்டு, மினியின் அச்சிடைத் தூரமாகிய 2.04 மீட்டரை வைத்துக் கணக்கிடுவோம். உலர்ந்த சாலையில் முழு வலிமையோடு நிறுத்தும்போது பாரம் முன்னே சரிந்து, முன் சக்கரங்களின் மேல் 80 விழுக்காடு தங்கும். ஆதலின் 82 பங்கு பெருங்கேடன்று. மழையில் நனைந்த சாலையிலோ உராய்வு 0.35 அளவே. அங்கு மெல்லவே நிறுத்த முடிவதால் பாரமும் குறைவாகவே முன் சரியும்; முன் சக்கரங்கள் விரைவிற் பூட்டிக்கொள்ள, பின் சக்கரங்கள் தம் கடமையைச் செய்யாமலே வரும். 60 கிலோமீட்டர் வேகத்தில், சக்கரம் பூட்டாத எல்லையில் நிறுத்தினால், பழைய பங்கீட்டில் 46 மீட்டரில் நிற்கும் வண்டி புதிய பங்கீட்டில் 48.7 மீட்டரில் நிற்கும். பெரும் பிரேக் வாங்கியதன் பலன், மழை நாளில் இரண்டரை மீட்டருக்கு மேல் தூரம் கூடியதே! அவ்விரண்டரை மீட்டருக்குள் சாலையைக் கடக்கும் ஒரு குழந்தை நிற்கக்கூடும்.

இதனைக் கண்டு, பின் பிரேக்கை வலுப்படுத்த முனைவோர் அதனினும் பெரிய ஆபத்தைத் தேடுகின்றனர். முன் சக்கரம் பூட்டினால் வண்டி திரும்பாது நேரே செல்லும். பின் சக்கரம் முந்திப் பூட்டினால் வண்டி சுழன்றுவிடும். மினியின் பின் குழாயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வை வைத்தது இதற்காகவே. முன் பிரேக்கை மாற்றுவோன் அவ்வால்வையும், பின் சக்கர சிலிண்டரின் விட்டத்தையும் ஒருங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒன்றை மாற்றி மற்றதை மறப்பது தராசின் ஒரு தட்டிலே மாத்திரம் படிக்கல்லைக் கூட்டுவதற்கு நிகர்.

பெடலின் கதியும் கவனிக்கத் தக்கது. பிஸ்டனின் பரப்பு 15 விழுக்காடு கூடினால் அதனை நகர்த்த அத்துணை மிகுதியான பிரேக் ஆயில் செல்ல வேண்டும், மிதியும் ஆழமாகும். (ஆயில் என்று வழங்கினும் இஃது எண்ணெயன்று, உண்மையான எண்ணெயை ஊற்றினால் ரப்பர் உறைகள் ஊதிக் கெடும்.) ஆழத்தைக் குறைக்க 0.70 அங்குல மாஸ்டர் சிலிண்டரை நீக்கி 0.75 அங்குலம் பூட்டினால், அதன் பரப்பும் 15 விழுக்காடு பெரிதாதலால் பெடல் பழைய நிலைக்கு வரும். ஆனால் அதே மிதிக்கு அழுத்தம் குறையும். பாஸ்கல் கண்ட விதி ஒரு கையால் கொடுப்பதை மறு கையால் வாங்கிக்கொள்ளும்.

அடுத்து இடம். 8.4 அங்குல டிஸ்க் 10 அங்குலச் சக்கரத்துள் அடங்காது. ஆகவே பெரிய டிஸ்க்கை விரும்புவோர் 12 அங்குலச் சக்கரத்தையும் வாங்க நேரும். அப்போது டயரின் வெளி விட்டம் 486 மில்லிமீட்டர் அளவிலிருந்து 508 ஆக உயரும். டிஸ்க்கினால் பெற்ற திருப்புவிசையில் 4 விழுக்காடு, ஆரம் பெருகியதனால் சாலையிலே இழக்கப்படும். வேகமானியும் பிழையாகக் காட்டும். சக்கரத்தை வெளியே தள்ளத் தட்டைகளைச் செருகுவோரும் உளர். அதனால் ஸ்டியரிங் கனக்கும். பேரிங்கும் விரைவில் தேயும். என் கருத்தில், 10 அங்குலச் சக்கரத்தை விரும்புவோர்க்குக் கூப்பர் எஸ் அளவாகிய 7½ அங்குலமே போதும். அதற்கு மேல் வேண்டுவோர் 1984-க்குப் பின் வந்த மினியின் முழு அமைப்பையும் எடுத்துப் பூட்டுதல், தனித்தனியே பொருள்களைப் பொறுக்குவதினும் சிறந்தது. அதனைத் தொழிற்சாலையார் ஒருங்கு அளந்து வைத்திருக்கின்றனர்.

பொருள்களின் தரம் பற்றியும் சில சொல்வேன். டிஸ்க்கில் துளையிடுவது சிறு காருக்குப் பெரும்பாலும் அலங்காரமே. வெப்பத்தை ஏற்கும் இரும்பு குறைவதுடன், துளையின் விளிம்பிலிருந்து வெடிப்பும் தொடங்கக்கூடும். பந்தயத்துக்குரிய சில அலுமினியக் காலிப்பர்களுக்குத் தூசி தடுக்கும் உறை இராது. குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் இங்கிலாந்தில் அவை சில பருவங்களுக்குள் இறுகிப்போம். பந்தயப் பேடு சூடேறிய பின்னரே பற்றும். காலையில் முதல் திருப்பத்தில் அது பயன்படாது. இவற்றிற்கெல்லாம் செலவிடு முன், பிரேக் ஆயிலை மாற்றிப் பார்ப்பது அறிவுடைமை. டாட் 4 என்னும் வகையின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பழையதானபின் 155 டிகிரிக்கு இறங்கலாம். ஆயில் கொதித்து ஆவியானால் எத்துணைப் பெரிய காலிப்பரும் வெறும் இரும்பே.

பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த, பெரிதும் மாற்றப்படாத கார்களுக்கு ஆண்டுதோறும் செய்யும் கட்டாயப் பரிசோதனை 2018 முதல் விலக்கப்பட்டுள்ளது. ஆகவே பழைய மினி பலவற்றின் பிரேக்கைச் சோதிப்பவர் அதன் உடையவரே. மாற்றத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அறிவிப்பதும் அவர் கடன். கட்டாயமில்லை எனினும், பூட்டியபின் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி நான்கு சக்கரங்களின் தடையையும் தனித்தனி அளப்பித்தல் வேண்டும். புதிய பேடை முதலில் மிதமான வேகத்திலிருந்து பலமுறை மெல்ல நிறுத்தி, இடையிடையே ஆறவிட்டுப் பழக்க வேண்டும். அதற்கும் முன்பாக, வண்டி ஜாக்கிக் கட்டையின் மேல் இருக்கும்போதே ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, ரப்பர்க் குழாய் இழுபடவோ டயரில் உராயவோ இல்லை என்பதையும், சக்கரத்தின் உட்புறத்திற்கும் காலிப்பருக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி சுற்றெங்கும் உள்ளது என்பதையும் கையாலேயே சுழற்றிப் பார்த்துக்கொள்க.