விழாக் காலமும் உணவின் அளவும்

கோசல நாட்டு மன்னன் பசேனதியின் கதையை நம் அன்பர்கள் பலமுறை கேட்டிருப்பர். ஆயினும் தீபாவளியும், புத்தாண்டும், பள்ளி விடுமுறைகளும், வைசாகப் பௌர்ணமியும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் நம் இல்லங்களில் அதனை மீண்டும் ஒருமுறை ஆராய்வது தகும்.

ஒரு துரோண அளவு அரிசிச் சோற்றை உண்ணும் வழக்கமுடைய அவ்வரசன், ஒரு நாள் வயிறு நிறைய உண்டு, பெருமூச்சு வாங்கியவண்ணம் சிராவஸ்தியில் பகவானைக் காண வந்தான். பகவான் அவனைக் கடிந்தாரில்லை; உண்ணாநோன்பு கொள்ளும்படி பணித்தாருமில்லை. விழிப்போடு அளவறிந்து உண்பவனுக்கு நோவு குறையும், மூப்பும் மெல்லவே வரும் என்னும் கருத்தமைந்த செய்யுள் ஒன்றை மட்டும் மொழிந்தார். மன்னனுக்குப் பின்னால் நின்ற சுதஸ்ஸனன் என்னும் இளைஞன் அதனை மனப்பாடம் செய்துகொண்டான். உணவு வேளைதோறும் அச்செய்யுளை ஓதுமாறு கட்டளையிட்ட மன்னன், அதற்கு நாளொன்றுக்கு நூறு கஹாபணம் ஊதியமும் வகுத்தான். காலப்போக்கில் அவன் உணவு நாழி அரிசிக்குள் அடங்கியது. இது சம்யுத்த நிகாயத்தில் உள்ள செய்தி. நாழி என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று.

இதனினும் நுட்பமானது உரைநூல் கூறும் முறையாகும். மன்னன் உண்ணத் தொடங்கும்போது செய்யுள் ஓதப்படுவதில்லை. கடைசிக் கவளத்தைக் கையில் எடுக்கும்போதுதான் ஓதப்படும். அதைக் கேட்ட மன்னன் அக்கவளத்தை உண்ணாது விடுவான். அதில் எத்தனை பருக்கைகள் உண்டோ, அத்தனை அரிசி அடுத்த சமையலில் குறைக்கப்படும். ஒரே நாளில் பாதியாகக் குறைத்திருந்தால் நாக்கு கலகம் செய்திருக்கும். ஒரு கவளத்தின் குறைவை வயிறு உணராது. மேலும், மன்னன் தன் மன உறுதி ஒன்றையே நம்பி அமரவில்லை. நினைவூட்ட ஓர் ஆளை அருகில் நிறுத்திக்கொண்டான் என்பதையும் கருதுக.

சிறு குறைவுக்கு ஆற்றல் உண்டெனில், சிறு மிகைக்கும் உண்டன்றோ? அமெரிக்க நாட்டில் நடந்த ஓர் ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை நீளும் அந்நாட்டு விழாக் காலத்தில் 195 பேரை நிறுத்துப் பார்த்தனர். சராசரியாக ஏறிய எடை 0.37 கிலோகிராம், அரைக் கிலோகூட இல்லை. ஆனால் விழாக்கள் முடிந்த பின்னும் அது இறங்கவில்லை. ஆண்டுதோறும் இப்படியே சேர்ந்தால் இருபது ஆண்டுகளில் என்னாகும் என்பதை அன்பர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

நம் நாட்டில் இது எடையைப் பற்றிய கவலை மட்டுமன்று. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. இதை எழுதுபவனும் அவர்களுள் ஒருவன். விழா நாளில் என்னை வருத்துவது பசியன்று. "இன்று ஒரு நாள்தானே, எடுத்துக்கொள்ளுங்கள்" என்னும் அன்பே. அந்த ஒரு நாள் ஆறு வீடுகளில் ஆறு நாட்களாகிவிடும். மறுத்தால் உபசரிப்பவர் முகம் வாடுகிறது. ஏற்றால் மறுநாள் இரத்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடுகிறது. வெல்லத்தில் செய்ததுதானே என்று தேற்றிக்கொள்வதிலும் பயனில்லை. வெல்லமும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றவே செய்யும்.

மாலை விருந்தை எண்ணிப் பகலெல்லாம் பட்டினி கிடப்போர் உளர். இது தவறு. அடக்கிய பசி விருந்தில் இருமடங்காய்த் திரும்பும். இன்சுலின் போட்டுக்கொள்வோரும், சிலவகை மாத்திரை உண்போரும் வேளை தவறினால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழவும் கூடும். ஆறு ஆண்டுகள் உடலை வருத்திய போதிசத்துவர் சுஜாதையின் பாற்சோற்றை ஏற்றார் என்பதை மறவாதிருப்போம். அந்தப் பாயசத்தை வைசாக நாளில் ஒரு சிறு கிண்ணம் உண்பதில் பெரும்பாலோர்க்குக் குற்றமில்லை. இரண்டாம் கிண்ணத்தில்தான் வழக்கு.

ஆகவே விழா நாளிலும் காலை உணவை வழக்கமான நேரத்தில் உண்க. விருந்தில் காய்கறியையும் பருப்பையும் முதலில் உண்டு, சோற்றுக்குப் பின்னர்ச் செல்க. அவ்வரிசையில் உண்டால் இரத்தச் சர்க்கரை அவ்வளவு விரைந்து ஏறாது. இனிப்பு வேண்டுமெனில், பலவற்றில் ஒன்றைத் தேர்ந்து, அமர்ந்து, சுவையறிந்து உண்க; நின்றபடியும் பேசியபடியும் வாயிலிடுவது கணக்கில் வாராது, உடலில் மட்டும் சேரும். உண்டபின் கால்மணி நேரம் நடப்பது நன்று. உறவினரை வழியனுப்பத் தெருமுனைவரை செல்வதும் நடையே.

உபசரிக்கும் இல்லத்தரசிகளிடமும் ஒரு விண்ணப்பம்: வேண்டாம் என்றவரை இரண்டாம் முறை வற்புறுத்தாதிருப்பதும் தானமே.

எங்கள் வீட்டில் சுதஸ்ஸனனின் பணியைப் பேத்தி ஏற்றிருக்கிறாள். நான் மூன்றாம் முறை கை நீட்டும்போது "தாத்தா, கடைசிக் கவளம்!" என்பாள். ஊதியம் நூறு கஹாபணமன்று; என் பங்கு அதிரசம்.