சிறுநீரக நோயாளிக்கு எந்தச் சோறு, எந்தக் கூழ்?



உடம்புத் தெம்புக்குக் கேழ்வரகு, கம்பு சாப்பிடுங்கள் என்று நம் கூட்டங்களில் பலமுறை பேசியிருக்கிறோம். அது சரிதான். ஆனால் வீட்டில் ஒருவருக்கு "கிட்னி பழுதாயிடுச்சு" என்று டாக்டர் சொல்லிவிட்டால், அவருக்கு மட்டும் கணக்கு மாறிவிடும். வடலூர், குறிஞ்சிப்பாடி பக்கம் கூட்டத்துக்கு வரும்போது, "அவருக்குக் கூழ் கொடுக்கலாமா, பிரெட் கொடுக்கலாமா?" என்று எங்களைக் கேட்கிறீர்கள். அதற்காகத்தான் இந்தப் பாடம்.

ஏன் கணக்கு மாறுகிறது?

சாப்பாட்டில் உள்ள உப்பு, பொட்டாசியம், பாஸ்பரஸ் இவற்றில் மிச்சமானதை வெளியேற்றுவது சிறுநீரகம். அது பழுதானால் இவை ரத்தத்திலேயே தங்கிவிடும். பொட்டாசியம் ரொம்ப ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும், உயிருக்கே ஆபத்து. பாஸ்பரஸ் ஏறினால் எலும்பு பலவீனமாகும், உடம்பு அரிக்கும்.

எந்தத் தானியத்தில் எவ்வளவு?

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட பட்டியல்படி, 100 கிராம் தீட்டிய அரிசியில் பொட்டாசியம் சுமார் 100 மில்லிகிராம். கம்பிலும் கோதுமை மாவிலும் 300-க்கு மேல், கேழ்வரகில் 400-க்கு மேல். பாஸ்பரஸும் இவற்றில் அரிசியைவிட இரண்டு, மூன்று மடங்கு.

அதற்காகக் கேழ்வரகு விஷம் என்று நினைக்க வேண்டாம். தானியத்தில் உள்ள பாஸ்பரஸ் முழுவதும் உடம்பில் சேராது. ரத்தப் பரிசோதனையில் அளவு சரியாக இருந்தால் டாக்டர் கொஞ்சம் சாப்பிடச் சொல்லலாம். ஏறியிருந்தால் சோறு, இடியாப்பமே நல்லது. சர்க்கரையும் இருந்தால் சோற்றின் அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுப்படியில் கவனிக்க வேண்டியவை

1. சோற்றை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடியுங்கள். பொட்டாசியத்தில் ஒரு பகுதி கஞ்சியோடு போய்விடும். அந்த வடிகஞ்சியை நோயாளிக்குக் கொடுக்காதீர்கள்.

2. வெள்ளை பிரெட்டில் பொட்டாசியம் குறைவு, ஆனால் உப்பு உண்டு. பிஸ்கட், பன் எல்லாமே அப்படித்தான். சப்பாத்தி மாவை உப்பில்லாமல் பிசையலாம்.

3. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம்.

4. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

5. தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் கூழும் கஞ்சியும் அந்தக் கணக்கில் சேரும்.

6. பயந்து பட்டினி போடாதீர்கள், உடம்பு கரைந்துவிடும். டயாலிசிஸ் செய்பவருக்குப் புரதம் கூடுதலாக வேண்டும், செய்யாதவருக்கு அளவோடு. அதனால் பக்கத்து வீட்டுக்காரரின் பத்தியம் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

குழுவில் பேசுங்கள்

நம் குழுவில் யாருக்கு பி.பி., சர்க்கரை இருக்கிறது? அவர்கள் வருடம் ஒருமுறை ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் அல்புமின் பரிசோதித்தார்களா? சிறுநீரகம் கெடுவது ஆரம்பத்தில் வெளியே தெரியாது, பரிசோதனையில்தான் தெரியும். அரசு மருத்துவமனைக்குத் தனியாகப் போகத் தயங்கினால் நாலு பேராகச் சேர்ந்து போங்கள். வீட்டுக்காரருக்குப் பார்க்கும்போது உங்களுக்கும் பார்த்துவிட்டு வாருங்கள், சகோதரிகளே!