தொங்குபடுக்கையில் ஓரிரவு



நம்மில் பலர் இவ்வுலகில் முதன்முதலாக உறங்கிய படுக்கை எது? கட்டிலன்று, பாயுமன்று. தாயின் பழஞ்சேலையை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்ட ஏணையே அது. தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வரிசை வரிசையாக ஏணைகள் ஆடிய காட்சியை முதியோர் மறந்திரார். விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்ற அன்னையர் தம் மழலைகளை ஆயாவிடமும் அவ்வேணைகளிடமும் ஒப்படைத்துச் சென்றனர்.

அவ்வேணையே பெரியோர்க்கேற்ற அளவில் அமையின் அது தொங்குபடுக்கையாகும். அதனை இரு மரங்களுக்கிடையே கட்டி, கடற்கரையிலோ காட்டிலோ இரவைக் கழிக்கும் வழக்கம் இன்று பல நாடுகளிலும் உள்ளது. அதனைத் தொடங்குவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நாம் கற்ற பாடம்

நாம் இதனை நூலில் கற்கவில்லை. நம் பிழையால் கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன் ஆயர் பாப்பான் கடற்கரையில் மாணவர்க்குப் பாசறை அமைத்தோம். சமதரையாக இருக்கிறதே என்று தாழ்வான இடத்தில் கூடாரங்களை அடித்தோம். நள்ளிரவில் பெருமழை பெய்தது. கூடாரங்களுக்குள் கணுக்காலளவு நீர் புகுந்தது. பிள்ளைகள் நனைந்த போர்வைகளோடு விடியும்வரை நடுங்கிக்கொண்டு நின்றனர்.

அன்று உலர்ந்த உடையோடு உறங்கியவன் ஒரு மாணவனே. நமக்குத் துணையாக வந்திருந்த அவன் தந்தை தோட்டத் தொழிலாளி. அவர் இரு சவுக்கு மரங்களுக்கிடையே கெட்டித் துணியால் ஏணை கட்டி, அதன்மேல் தார்ப்பாய் விரித்திருந்தார். “தண்ணி தரையிலதானேங்க ஐயா ஓடும்” என்று மட்டும் சொன்னார். பயிற்சிக் கல்லூரியில் நாம் கற்காத பாடம் அது.

மறு ஆண்டு பாசறை என்றதும் பெற்றோர் பலர் ஒப்புதல் தர மறுத்தனர். அவர்களைக் குறைகூற நமக்கு வாயில்லை.

தொங்குபடுக்கையின் வரலாறு

1492ஆம் ஆண்டு கொலம்பசு கரிபியன் தீவுகளை அடைந்தபோது, அங்கு வாழ்ந்த மக்கள் பருத்தி நூலால் பின்னிய வலைகளில் உறங்குவதைக் கண்டார். தைனோ மக்கள் அதனை ‘அமாக்கா’ என்றனர். ஈரத்தரையிலும் ஊர்வனவற்றிலும் இருந்து அது அவர்களைக் காத்தது. பின்னர், ஆடும் கப்பலோடு தானும் ஆடும் இப்படுக்கையை மாலுமிகள் விரும்பினர். 1597இல் ஆங்கிலேயக் கடற்படை அதனை ஏற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினர் கொசுவலையும் மழைக்கூரையும் சேர்த்துத் தைத்த தொங்குபடுக்கைகளைக் காடுகளில் பயன்படுத்தினர். இன்றைய பாசறைப் படுக்கையும் இவ்வமைப்பையே பின்பற்றுகிறது.

மரம் தேர்தல்

தொடையளவேனும் பருத்த, உயிருள்ள மரங்களையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். இரு மரங்களுக்கும் இடையே நான்கு முதல் ஐந்து மீட்டர் தொலைவு இருப்பின் நன்று. கட்டுமுன் அண்ணாந்து பார்த்தல் முதற்கடமை. பட்டுப்போன கிளையொன்று தலைக்கு மேலிருப்பின் அவ்விடத்தை விட்டு அகலுக. தென்னை மரத்தடி ஆகாது. செம்பனையின் குலை பத்து, இருபது கிலோ எடையிருக்கும் என்பதைத் தோட்டத்தார்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. அதன் மட்டையும் விழும். ஆகவே செம்பனை நிழலும் வேண்டா.

பால்மரத்தின் பால்குழாய்கள் அதன் மெல்லிய பட்டையிலேயே உள்ளன. மெல்லிய கயிறு இறுகினால் பட்டை காயமுறும். எம்மரமாயினும் நான்கைந்து சென்டிமீட்டர் அகலமுள்ள பட்டைவாரால் சுற்றி, அவ்வாரிலேயே கயிற்றைக் கோத்தல் வேண்டும்.

கயிறும் கோணமும்

புதிதாகத் தொடங்குவோர் செய்யும் பெரும்பிழை, கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுவதாகும். முப்பது கிலோ எடையுள்ள மாணவன் ஒருவன் படுத்திருப்பதாகக் கொள்வோம். இருபுறக் கயிறுகளும் கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிந்திருந்தால், ஒவ்வொரு கயிறும் 30 கிலோ சுமை தாங்கும். 10 பாகையே சரிந்திருந்தால் அச்சுமை ஏறத்தாழ 86 கிலோவாகும். 5 பாகையாயின் 172 கிலோ! கயிறு அறுவதும் முடிச்சு நழுவுவதும் இதனாலேயாம். கணிதக் கருவிப் பெட்டியிலுள்ள மூலைமட்டத்தின் 30 பாகை முனையைக் கயிற்றருகே பிடித்துப் பார்த்தால் போதும். கணக்குப் பாடம் உயிர்காக்கும் இடம் இது.

படுக்கையின் நடுப்பகுதி நாற்காலி உயரத்திற்கு மேற்படலாகாது. முதலில் கையால் அழுத்துக, பின்னர் மெல்ல அமர்க, அதன்பின் படுக்க. குழந்தைக்குப் போதுமான பழஞ்சேலை பெரியவர் எடையைத் தாங்காது. புதிய கெட்டித் துணியே வேண்டும். சிறு பிள்ளைகள் தனியே அதனை முறுக்கி விளையாடுதல் கூடவே கூடாது. கழுத்தில் சுற்றிக்கொள்ளும் இடருண்டு.

உறங்கும் முறை

நேராகப் படுத்தால் முதுகு வில்லாக வளையும். தலையை ஒருபுறமும் காலை மறுபுறமும் ஒதுக்கிச் சற்றே குறுக்காகப் படுத்தால் உடல் ஏறக்குறைய மட்டமாகும். கீழே வீசும் காற்று முதுகைக் குளிர்விக்கும். நம் வெப்ப நாட்டிலும் விடியற்காலையில் இதனை உணரலாம். ஆதலின் மேலே போர்த்துவதோடு, முதுகுக்குக் கீழேயும் ஒரு கனத்த விரிப்பு இடுக. கொசு மெல்லிய துணியின் ஊடே கீழிருந்தும் கடிக்கும். எனவே வலை படுக்கையை முழுதும் சூழ்ந்திருத்தல் நலம். மழைநீர் மரத்திலிருந்து கயிற்றின் வழியே படுக்கைக்கு வந்து சேரும். தார்ப்பாயின் நிழலுக்குட்பட்ட பகுதியில் கயிற்றின்மீது ஒரு துணித்துண்டைக் கட்டித் தொங்கவிட்டால் நீர் அதன் வழியே கீழே சொட்டிவிடும்.

படிப்படியாக முன்னேறுவோம்

முதற்படி, வீட்டருகே ஒரு பிற்பகல். இரண்டாம் படி, பெரியோர் துணையோடு அங்கேயே ஓரிரவு. அவ்விரவில் எது குறைந்ததோ அதனைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். மூன்றாம் படி கடற்கரை. நம் கிழக்குக் கரையில் நவம்பர் முதல் வடகிழக்குப் பருவமழை கடுமையாகும்; அம்மாதங்கள் பாசறைக்கு உகந்தன அல்ல. அதன்பின்னரே காடு. நம் மெர்சிங் மாவட்டத்துக் கம்போங் பெத்தாவை அடுத்துள்ள எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவில், 1985-86ஆம் ஆண்டுகளில் மலாயா இயற்கைச் சங்கம் பெரும் ஆய்வுப் பயணம் நடத்தியது. 1993இல் அது ஜொகூர் மாநிலத் தேசியப் பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. அத்தகைய காட்டிற்கு உரிய அனுமதியும் வழிகாட்டியும் இன்றிச் செல்லுதல் தகாது.

இப்படிகளை நமக்குக் காட்டியவர் அதே தொழிலாளியே. ஒப்புதல் தர மறுத்த பெற்றோரை நாம் பள்ளித் திடலுக்கு அழைத்தோம். அவர் அங்கு ஓர் ஏணை கட்டிக் காட்டினார். தாய்மார்கள் முடிச்சை இழுத்துப் பார்த்தனர். சிலர் அதை அவிழ்த்துத் தம் முறையில் கட்டினர். ஆயாக் கொட்டகையில் பணிபுரிந்த ஒரு மூதாட்டி துணியை மடித்துக் கட்டிய கட்டே எல்லாவற்றிலும் உறுதியாக நின்றது. பெற்றோரே முதலில் படுத்துப் பார்த்தனர், பின்னரே பிள்ளைகள். அன்று மாலையே ஒப்புதல் தாள்களில் கையெழுத்து விழுந்தது.

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பர் நம் முன்னோர். அறிந்தபின் அஞ்சி நிற்பதும் தகாது. மாணவர்களே, உங்களைத் தாலாட்டிய கைகளிடம் முடிச்சுப் போடக் கற்றுக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, ஒரு பிற்பகல் உங்கள் பிள்ளையோடு இரு மரங்களைத் தேடிச் செல்லுங்கள்.