மருந்துக்கு மசியாத புல்

மாணவர்களே, கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ உங்கள் வீட்டுப் புல்தரையில், அடிக்கடி நடந்து மண் இறுகிய இடத்தைக் கவனியுங்கள். அங்கே தரையோடு படிந்து வளரும் ஒரு புல்லைக் காணலாம். அதன் அடித்தண்டு தட்டையாக, வெளிறிய வெண்ணிறத்தில் இருக்கும். கதிர்கள் விரல்களைப்போல் விரிந்திருக்கும். இதுவே மலாயில் 'ரும்புட் சம்பாவ்' எனப்படும் எலூசின் இண்டிகா. நாம் கூழ் காய்ச்சும் கேழ்வரகுக்கு இது நெருங்கிய உறவு.

தாழ்ந்து படிவதால் புல்வெட்டும் இயந்திரத்திற்கு இது எளிதில் தப்பிவிடும். ஒரே செடி பல ஆயிரம் விதைகளைத் தரும்.

களைக்கொல்லி தெளித்தால் என்ன? கிளைபோசேட் நல்ல புல்லையும் சேர்த்தே அழிக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. 1997இல் பேராக், தெலுக் இந்தானில் ஒரு பழத்தோட்டத்தில், கிளைபோசேட்டுக்கும் சாகாத சம்பாவ் புல் கண்டறியப்பட்டது.

காரணம் என்ன? தாவரம் சில அமினோ அமிலங்களைத் தயாரிக்க ஒரு நொதி உதவுகிறது. கிளைபோசேட் அந்த நொதியைத் தடுப்பதால் செடி மடிகிறது. சாகாத செடிகளில், அந்த நொதியின் 106ஆவது இடத்தில் புரோலினுக்குப் பதில் வேறோர் அமினோ அமிலம் இருந்தது. அதனால் மருந்து அதில் சரியாகப் பற்றவில்லை.

இந்த மாற்றத்தை மருந்து உண்டாக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். பெருங்கூட்டத்தில் தற்செயலாக அப்படி ஒன்றிரண்டு செடிகள் இருக்கும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளிக்கும்போது மற்றவை மடிய, அவை மட்டும் பிழைத்து விதையிடுகின்றன. பாடநூலில் நீங்கள் படிக்கும் இயற்கைத் தேர்வு இதுதான்.

அப்படியானால் வீட்டில் என்ன செய்யலாம்?

1. கதிர் விடும் முன்னே, மழை பெய்து மண் இளகியதும் வேரோடு பிடுங்குங்கள். கதிர் வந்திருந்தால் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.
2. இறுகிய மண்ணை முட்கரண்டிக் கருவியால் குத்தி இளக்குங்கள்.
3. வெற்றிடத்தில் உடனே நல்ல புல்லை நடுங்கள்.
4. புல்லை மொட்டையாக வெட்டாதீர்கள். இந்த விதைகள் வெளிச்சத்தில் நன்றாக முளைக்கும். அடர்ந்த புல்லின் நிழல் அவற்றைத் தடுக்கும்.

செய்து பாருங்கள்: ஓரடிச் சதுரமாக இரண்டு இடங்களைக் குறியுங்கள். ஒன்றில் புல்லை ஒட்ட வெட்டுங்கள். மற்றதில் ஐந்து சென்டிமீட்டர் விடுங்கள். நான்கு வாரங்கள் கழித்து முளைத்த களைகளை எண்ணி, காரணத்தை உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள்.