பழைய பொறியும் தெளிந்த படமும்

பழைய பொருள் யாவும் பயனற்றவை என்று ஒதுக்குவார் உளர். பழமை ஒன்றே கருதி அதன் குறையையும் குணமெனக் கொள்வாரும் உளர். ஒரு பொருளின் இயல்பை ஆராய்ந்து, குறையை மட்டும் நீக்கிக் குணத்தைக் காப்பவரே அறிவுடையார். இவ்வுண்மையை ஒரு சிறு விளையாட்டுப் பொறியின் வாயிலாகக் காண்போம்.

ஜப்பான் நாட்டு நிண்டெண்டோ நிறுவனத்தார் 1983ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஃபாமிகாம் என்னும் பொறியை வெளியிட்டனர். தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து வீட்டிலிருந்தே ஆடுதற்குரியது அது. பிற நாடுகளில் வேறு பெயரும் வடிவும் பெற்றுப் பரவியது. இருவகையும் சேர்ந்து 6 கோடிக்கு மேல் விற்பனையாயின.

அப்பொறியினுள் 40 கால்களையுடைய சில்லு ஒன்று உண்டு. குறுக்கே 256 புள்ளிகளும் நெடுக்கே 240 வரிகளும் கொண்ட படத்தை நொடிக்கு ஏறத்தாழ 60 முறை அமைத்துத் தருவது அதுவே. ஆயின், அது படத்தின் ஒளியையும் நிறத்தையும் ஒரே மின் சைகையாகக் கலந்தே வெளிவிடும். அக்கலவை வானொலி அலையில் ஏற்றப்பெற்றுத் தொலைக்காட்சியைச் சென்றடையும். பாலையும் நீரையும் அன்னம் பிரிக்கும் என்பர். தொலைக்காட்சிப் பெட்டியோ அன்னமன்று. கலந்தவற்றை அதனால் முற்றும் பிரிக்க இயலவில்லை. ஆதலின் நிறங்கள் எல்லை கடந்து கசிந்தன. எழுத்துகளின் விளிம்புகள் நடுங்கின. அக்காலத்துச் சிறு திரையில் இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. இக்காலத்துப் பெருந்திரையிலோ அது பன்மடங்காகப் பெருகித் தோன்றுகிறது.

இக்குறை நீங்கச் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களின் சைகைகளையும் கலவாமல் தனித்தனியே அனுப்புதல் வேண்டும். வேறு சில பழம்பொறிகளில் இம்மூன்றும் உள்ளே தனித்தனியே இருத்தலால், கம்பி இணைத்து வெளிக்கொணர்தல் எளிது. ஃபாமிகாமின் சில்லோ கலவையன்றி வேறொன்றும் தருவதில்லை. இல்லாததை எவ்வாறு எடுப்பது?

முதலில் ஒரு வழி கண்டனர். நிண்டெண்டோ நிறுவனத்தார் விளையாட்டுக் கூடங்களுக்கென அமைத்த பிளேசாய்ஸ்-10 என்னும் பொறியில், மூன்று நிறங்களையும் தனித்தனியே தரும் இனச்சில்லு ஒன்று இருந்தது. அதனைப் பெயர்த்து ஃபாமிகாமில் பொருத்தினர். படம் தெளிந்தது, எனினும் சில நிறங்கள் சிறிது மாறின. அதனினும் பெருங்குறை ஒன்று உண்டு. ஒரு பொறி ஒளிபெற மற்றொரு பழம்பொறி கண்ணிழந்தது! பழமையைக் காக்கப் புகுந்தோர் பழமையையே அழித்தனர்.

பின்னர் வந்தோர் வேறு வழி நாடினர். பழைய சில்லை அகற்றாமல், அதற்கும் தாய்ப்பலகைக்கும் இடையே சிறு மின்பலகை ஒன்றை அமைத்தனர். சில்லுக்கு வரும் கட்டளைகளையும் அது நினைவகத்திலிருந்து படிப்பவற்றையும் இப்பலகை உடனிருந்து கவனிக்கின்றது; எப்புள்ளிக்கு எந்நிறம் என்பதைத் தானே கணித்து, மூன்று சைகைகளாகத் தருகின்றது. ஒன்றை வாழ்விக்க மற்றொன்றைக் கொல்லும் தேவை ஒழிந்தது.

இப்பணிக்குப் பொறுமை இன்றியமையாதது. சில்லின் 40 கால்களிலும் உள்ள பற்றாசை உருக்கி நீக்கல் வேண்டும். வெப்பம் மிகின் பலகையின் செப்புத்தடம் பெயர்ந்துவிடும். விரைந்து இழுப்பின் கால் ஒடியும். பழுதுற்ற பலகைகளில் பலகால் பயின்ற பின்னரே நற்பொறியைத் தொடுதல் முறை.

ஒரு பொருளைத் திருத்த விரும்புவோர் முதலில் அதனை முற்ற அறிதல் வேண்டும். ஒன்றன் நலத்திற்காகப் பிறிதொன்றைக் கெடுக்காத வழி உண்டா என ஆராய்தலும் வேண்டும். அவ்வாறு ஆராய்ந்து செய்யும் திருத்தமே நிலைத்த பயன் தரும்.