தெருவில் இன்னொரு நாயைக் கண்டதும்

ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரையுள்ள நாய், எதிரே இன்னொரு நாயைக் கண்டதும் கயிறு அறுந்துவிடும்போல் இழுத்துக் குரைப்பது வழக்கம். பார்ப்பவர்கள் அதைக் கடிநாய் என்று நினைத்து ஒதுங்குகிறார்கள். பெரும்பாலும் அது கோபம் அல்ல. போய் விளையாட முடியவில்லை என்ற தவிப்பாக இருக்கும். இல்லையென்றால் பயமாக இருக்கும். எதிர்நாய் போன பிறகும் அதன் பின்னால் போக முனகினால் தவிப்பு. வால் தாழ்ந்து, உடல் பின்னுக்குச் சாய்ந்து, எதிர்நாய் விலகியதும் அமைதியடைந்தால் பயம்.

நாய்களுக்குள்ளும் மரியாதை உண்டு. முன்பின் அறியாத நாய்கள் வளைந்து நெருங்கி, பார்வையை விலக்கி, பின்புறத்தை மோந்து அறிமுகமாகும். முறைத்தபடி நேராகப் பாய்வது அவற்றின் கணக்கில் வம்பு. நான்கைந்து மாதக் குட்டி இப்படிச் செய்தால் வளர்ந்த நாய்கள் பொறுத்துக்கொள்ளும். அதன்பின் அந்தச் சலுகை குறைந்துவிடும். வயதுக் கோளாறும் சேர்ந்துகொள்கிறது. 2020-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வின்படி, ஐந்து மாதத்தில் சொல் கேட்ட நாய்கள் எட்டு மாதத்தில் வளர்ப்பவரின் சொல்லைத் தட்டின. அந்நியர் சொன்னால் கேட்டன. பதின்பருவப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல.

பழக்குவதில் முதல் கருவி தூரம்தான். எதிர்நாயைப் பார்த்து வாய் மூடி, காது நிமிர்ந்து, உடல் விறைக்கும் இடம் ஒவ்வொரு நாய்க்கும் ஒன்று உண்டு. அந்த எல்லைக்கு வெளியேதான் பாடம் நடக்கும். எதிர்நாய் கண்ணில் பட்டதும், குரைப்பு கிளம்பும் முன், வேகவைத்த கோழித் துண்டு ஒன்று வாய்க்குப் போக வேண்டும். முதலில் நாய், பிறகு தீனி. வரிசை மாறினால் தீனியே அபாய அறிவிப்பாகிவிடும். எதிர்நாயைப் பார்த்துவிட்டுத் தானாக வளர்ப்பவரின் கையைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினால், தூரத்தைச் சில அடிகள் குறைக்கலாம். குரைப்பு தொடங்கிவிட்டால் பாடம் ஏறாது. திரும்பி நடப்பதே வழி. அப்போது அதட்டுவதும், கழுத்தை இறுக்கும் சங்கிலியைச் சுண்டுவதும் கெடுதல். இன்னொரு நாய் வந்தால் கழுத்து வலிக்கும் என்பதைத்தான் நாய் கற்கிறது.

கயிறு ஆறடி நீளமும் தொய்வுமாக இருக்க வேண்டும். இறுகிய கயிறு நெஞ்சை நிமிர்த்திவிடும். எதிர்நாய்க்கு அது சண்டைக்கு அழைப்பதுபோல் தெரியும். மார்பில் வளையம் உள்ள ஹார்னஸ் இழுப்பைக் குறைக்கும். சிப்பிப்பாறை, கன்னி போன்றவை கண்ணால் இரை தேடும் வேட்டை நாய்கள். தொலைவில் ஓடும் நாயே அவற்றைக் கிளப்பிவிடும். குறுகிய தலை என்பதால் சாதாரணக் கழுத்துப் பட்டையிலிருந்து எளிதில் நழுவவும் செய்யும்.

சென்னை, மதுரைத் தெருக்களில் தூரம் எங்கே கிடைக்கும் என்பது நியாயமான கேள்வி. நிறுத்திய காரும் வாசல் கேட்டும் மறைப்பாக உதவும். 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடை செய்த தெருநாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ஆகவே எந்த முனையில் எந்தக் கூட்டம் நிற்கும் என்பது பெரிதாக மாறாது. அந்த முனைகளையும் தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் நேரத்தையும் தவிர்த்து வழியை அமைத்துக்கொள்ளலாம். துரத்தினால் ஓடக் கூடாது. ஓட்டம் துரத்தலை வளர்க்கும்.

எல்லா நாயோடும் பழகித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சும்மா கடந்து போனாலே போதும். பழக்குவதென்றால் நிதானமான பெரிய நாய் ஒன்றைத் தேர்ந்து, இரண்டையும் இடைவெளி விட்டு ஒரே திசையில் நடத்தி, பிறகு சில விநாடி மோந்து பார்க்கவிட்டு அழைத்துக்கொள்வது நல்லது. “எங்க நாய் ஒண்ணும் பண்ணாது” என்று தூரத்திலிருந்து கத்துபவரிடமிருந்து விலகிப் போவதே மேல்.

சண்டை மூண்டால் நடுவில் கையை விடக் கூடாது, தண்ணீரை ஊற்றலாம். மனிதருக்குக் கடி பட்டால் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போக வேண்டும். அதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று மற்ற நாய்கள்மேல் சீறத் தொடங்கினால், பயிற்சிக்கு முன் காதிலோ இடுப்பு மூட்டிலோ வலி உண்டா என்று கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும்.