சாதாரணக் கட்டிதான் என்று சொல்லிவிட்டார்கள். இனி என்ன செய்வது?

"கேன்சர் இல்லம்மா, சாதாரணக் கட்டிதான்" என்று டாக்டர் சொன்னதும், ரிப்போர்ட்டைக் கவரோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். அந்த மார்பகக் கட்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் தயவுசெய்து பூட்டாதீர்கள்.

முதலில் பயாப்சி ரிப்போர்ட்டின் முடிவு வரியை டாக்டரிடம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எளிய ஃபைப்ரோஅடினோமா என்றால் நிம்மதி. அதனால் பிற்காலப் புற்றுநோய் வாய்ப்பு குறிப்பிடும்படி கூடுவதில்லை. ஃபிலோட்ஸ் என்றால், சாதாரண வகையானாலும் அதே இடத்தில் திரும்ப வளரக்கூடியது. முழுதாக அகற்றுவதுபற்றிப் பேச வேண்டும். 'ஏட்டிபியா' (செல்கள் இயல்புக்கு மாறாகத் தெரிவது) என்ற சொல்லைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். மேயோ கிளினிக் ஒன்பதாயிரத்துக்கும் அதிகமான பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில், ஏட்டிபியா இருந்தவர்களுக்குப் பிற்காலப் புற்றுநோய் வாய்ப்பு பொதுவான பெண்களைவிட ஏறக்குறைய 4 மடங்கு. ஏட்டிபியா இல்லாமல் செல் பெருக்கம் மட்டும் இருந்தவர்களுக்கு 2 மடங்குக்குச் சற்றுக் குறைவு. 4 மடங்கு என்பதால் நோய் வந்தே தீரும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் ஆண்டுதோறும் மேமோகிராம் எடுப்பது, தடுப்பு மருந்து தேவையா என்பது இரண்டையும் கேட்டாக வேண்டும்.

மெல்லிய ஊசியில் உறிஞ்சி எடுத்த சோதனை மட்டும் செய்திருந்தால், அது ஏட்டிபியாவையும் ஃபிலோட்ஸையும் உறுதியாகப் பிரித்துச் சொல்லாது. தடித்த ஊசியால் திசுத் துண்டு எடுக்கும் கோர் பயாப்சி வேண்டுமா என்று கேளுங்கள்.

கட்டியை எடுக்காமல் விட்டிருந்தால் வழக்கமாக 6, 12, 24-ஆம் மாதங்களில் ஸ்கேன். சங்கரன்கோவில்காரர்களுக்கு இதில் நாள் தவறாது: ஆடித்தபசுத் திருவிழாவை ஒட்டி ஒன்று எடுத்தால் அடுத்தது தைப்பொங்கல் கழிந்து. முடிந்தவரை ஒரே சென்டரில் எடுங்கள். ரிப்போர்ட்டில் '20 x 12 மி.மீ.' என்பதுபோல் இருக்கும் அளவைப் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆறு மாதத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் வளர்ந்திருந்தால், அதாவது 20 மி.மீ. 24-ஐத் தாண்டினால், மறுபடி பயாப்சி தேவைப்படலாம். பளபளப்புத் தாளில் வரும் ஸ்கேன் படம் நாளடைவில் வெளுத்துவிடும், அன்றே செல்போனில் படம் எடுத்து வையுங்கள். மேமோகிராம் வேண்டுமென்றால் நம்மூர் அரசு மருத்துவமனையிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரச் சொல்லலாம்.

கோமதி அம்மன் கோயில் புற்றுமண்ணைப் பூசிக்கொள்ளும் நம்பிக்கை நமக்கு உண்டு, அதை மதிக்கிறேன். ஆனால் ஊசி குத்திய இடத்திலும் தையலிலும் ஆறும்வரை அந்த மண் படவே கூடாது.

குடும்பத்தில் யாருக்காவது மார்பக, சினைப்பைப் புற்றுநோய் இருந்ததா என்று விசாரித்துச் சொல்லுங்கள். அம்மா, சித்தி வரை சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அப்பாவின் அம்மா, அத்தைமாரும் கணக்கில் வருவார்கள். கர்ப்பமானாலும் தெரிவியுங்கள், அப்போது ஃபைப்ரோஅடினோமா பெரிதாகலாம்.

புதிய கட்டி, தோல் குழிவது, காம்பு உள்ளே இழுப்பது, காம்பிலிருந்து ரத்தம் கசிவது, அக்குளில் கட்டி, இவற்றில் எது தெரிந்தாலும் ஸ்கேன் தேதி வரட்டும் என்று இருக்காமல் அந்த வாரமே போய்க் காட்டுங்கள். போன மாதம்தான் ஸ்கேன் நன்றாக வந்தது என்றாலும் போங்கள்.